ஏழாம் நம்பர் சும்மாடு

கொளஞ்சியம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை இருபத்துமூன்று சென்டிமீட்டர் வளர்ந்தாள். புதன்கிழமை ஒன்பது குறைந்தாள். வியாழக்கிழமை மறுபடி நாலு ஏறினாள். இந்த விவரம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் அவள் மூங்கில்துறைப்பட்டுக்குக் கிழக்கே ஒரு கழனியில், எப்போதும் இருக்கிற அதே உயரத்தில், கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது வேறு. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. கிள்ளிப் பார்த்தால் வேறு யாரையோ கிள்ளுவது போல இருந்தது. பிடரியில் ஒரு வலி கிளம்பும், தோள்பட்டை வழியாகக் கையில் இறங்கும், அந்த இரண்டு விரலுக்கு வந்ததும் காணாமல் போகும். போன வாரம் வெட்டுக்கத்தி அவள் பிடியிலிருந்து நழுவிப் பறந்து, பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த மலர்விழியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. மலர்விழி கத்தியைப் பார்த்தாள், கொளஞ்சியைப் பார்த்தாள், பிடுங்கிக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது கொளஞ்சிக்கு.

பன்னிரண்டு பெண்கள் இருக்கும் அந்த வெட்டு செட்டுக்கு அவள்தான் மேஸ்திரி. கத்தி நிற்காத கைக்குச் செட்டில் இடமில்லை என்பது அவள் வைத்த சட்டம். இதுவரை இரண்டு பேரை அப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் ஒருத்தி சொந்த நாத்தனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இவளுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

கழுத்துக்குள் எது நசுங்கியிருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்தால்தான் வைத்தியம் சொல்ல முடியும் என்று ரிஷிவந்தியத்தில் ஊசி போடுகிற டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் படத்துக்கு, அதாவது ஸ்கேனுக்கு, கொளஞ்சியிடம் ஒரே ஒரு வழி இருந்தது. அது அவள் தலையில் உட்கார்ந்திருந்தது.

ஆலை அரவை தொடங்கிய கார்த்திகை மாசத்தில், கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து வேனில் வந்தார்கள். நாலு துறை சேர்ந்து ஒரு ஆராய்ச்சி. கரும்புக் கட்டு சுமக்கிற பெண்களுக்காக ஒரு புதிய சும்மாடு. சுற்றுச்சூழல் துறை கரும்புச் சக்கையை அழுத்தி அதன் உடம்பைச் செய்திருந்தது. சாறு போன கரும்பே சாறுள்ள கரும்பைச் சுமக்கப்போகிறது, இதில் ஒரு வட்டம் முழுமை பெறுகிறது என்றார் அந்தத் துறைக்காரர். வடிவமைப்புத் துறை அதற்கு ஒரு வளைவு கொடுத்திருந்தது. அந்த வளைவுக்கு மட்டும் எட்டு மாசம் ஆனதாம். கம்ப்யூட்டர் துறை உள்ளே சில்லும் சிம் கார்டும் வைத்திருந்தது. பின்பக்கம் பல்லிவால் போல ஒரு துண்டு தொங்கியது. அதன் நுனியில் இருந்த கண் தரையைப் பார்த்து, ஆள் எவ்வளவு உயரம் இருக்கிறாள் என்று அளந்தபடி இருக்கும். சுமையில் முதுகெலும்பு எவ்வளவு அமுங்குகிறது என்று அதில் தெரியுமாம். மருத்துவத் துறை நாற்பது கேள்வி கொண்டு வந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் தலைவர் கம்ப்யூட்டர் துறை நாராயணசாமி. செருப்பில் சேறு படாமல் வரப்பில் நிற்கத் தெரிந்த மனிதர்.

"இன்னா சார் இது, தொப்பியா?" என்று கேட்டாள் பச்சையம்மாள். அவள் வெள்ளிமலைக்காரி. வெட்டுக் காலத்துக்குக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவள். செட்டிலேயே உயரம் அவள்தான். அவள் கட்டுத் தூக்கி நடந்தால் கரும்புத் தோட்டமே எழுந்து நடப்பது போல இருக்கும்.

"சும்மாடும்மா. ஸ்மார்ட் சும்மாடு. உங்க தலை மேல எவ்வளவு வெயிட் இருக்குன்னு இது சொல்லும்."

"அத்த என் கழுத்தே சொல்லுதே சார்."

"கழுத்து நம்பர் சொல்லாதும்மா" என்றார் நாராயணசாமி.

எட்டு செட்டுக்கு எட்டு சும்மாடு. ஒரு செட்டில் ஒருத்தி, அவளுக்கு ஒரு எண். கொளஞ்சிக்கு ஏழு. வெட்டு முடிகிற சமயத்தில் அந்த எட்டு பேருக்கும் கழுத்து ஸ்கேன், டாக்டர் பார்வை, மருந்து எல்லாம் இலவசம் என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். வேன் போனது. அதற்குப் பிறகு நாலு துறையில் ஒருவரும் கழனிப் பக்கம் வரவில்லை. ஆராய்ச்சி மாணவி இலக்கியா மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் கொளஞ்சியின் வீட்டுக்கு ஸ்கூட்டியில் வந்து பேட்டரி மாற்றிவிட்டுப் போவாள்.

கொளஞ்சியின் செட்டில் எதுவும் ஒருத்தருடையது கிடையாது. எல்லாம் முறை. டிராக்டரில் சாத்திய பலகையில் கட்டோடு ஏறுவது முறை. வேலிக்காத்தான் முள் ஓரமாக இருக்கிற வரிசை முறை. சாப்பாட்டு வேளையில் மரத்தடி நிழல் இரண்டு பேருக்குத்தான் வரும் என்றால் அதுவும் முறை. பொங்கலுக்கு ஒரு கரும்புக்காரர் மேஸ்திரிக்கு என்று ஒரு புடவை கொடுத்தார். அந்தப் புடவையைப் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை கட்டினார்கள். கொளஞ்சி கட்டும்போது கொசுவத்தில் பாதிப் புடவை இருந்தது, பச்சையம்மாள் கட்டும்போது கணுக்கால் தெரிந்தது. 

சும்மாடு வந்த அன்று ராத்திரி சோற்றுக்கு முன்னாலேயே கொளஞ்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பேரு என்னுது, நம்பரு ஏழு. மெத்த செட்டுக்கு."

அவர்கள் அதை மெத்தை என்றுதான் சொன்னார்கள். உண்மையிலேயே தலைக்கு இதமாக இருந்தது. ஒரு நாள் ஒருத்தி. பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மாளின் முறை வந்தபோது அது வெள்ளிமலைக்குப் பஸ் ஏறி, சாமை மூட்டை சுமந்து, பனியில் நனைந்து திரும்பி வந்தது.

இதெல்லாம் கல்லூரியில் கோடுகளாகப் போய் விழுந்தது. ஏழாம் எண் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர் இருந்தாள். மறுநாள் நூற்று எழுபது. அப்புறம் நூற்று அறுபத்தொன்று. மற்ற ஏழு பேரும் ஒழுங்காக ஒரே உயரத்தில் இருந்தார்கள். இரண்டு வாரம் கருவி பழுது என்று நினைத்தார் நாராயணசாமி. ஆனால் கருவியைச் செய்தது அவர் துறை. ஆகவே பழுதாக இருக்க வழியில்லை. அப்படியென்றால் கொளஞ்சியம்மாள்தான் வளர்கிறாள்.

சுமையில் அமுங்கிய முதுகெலும்பு, சரியான சும்மாடு கிடைத்ததும் விரிந்து, அதற்கு மேலும் விரிகிறது. இப்படி ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். யாரால் வளர்ந்தாள் என்பதில்தான் சண்டை. வளைவால் என்றது வடிவமைப்பு. சக்கையின் நாரால் என்றது சுற்றுச்சூழல். முதுகெலும்பு எங்களுடையது என்றார் மருத்துவத் துறை டாக்டர் வெங்கடேசன். மார்ச் கடைசியில் பணம் கொடுத்தவர்களின் குழு சென்னையிலிருந்து பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது.

இலக்கியா டேப்போடு வந்தாள். சின்னசேலத்துப் பெண். குதிகால் உயர்ந்த செருப்பு, தோளில் லேப்டாப், கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அக்கா, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க."

"இதுக்கு மேல நிமுந்தா உசுரு பூடும்."

இலக்கியா அளந்தாள். மறுபடி அளந்தாள். டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். "நூத்தி நாப்பத்தேழு. நேத்து நீங்க நூத்தி எழுபது இருந்தீங்கக்கா."

"நேத்து பல்வலியில மூஞ்சி வீங்கி இருந்திச்சி. ஒசரம் வீங்கல."

சொல்லும்போதே கொளஞ்சிக்குப் பிடிபட்டுவிட்டது. நேற்று செவ்வாய். பச்சையம்மாள் முறை. சிரிப்பு வந்தது. விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள், இலக்கியா முந்திக்கொண்டாள்.

"சார் சொல்லிட்டாரு. உங்களுக்குத்தான் மொத ஸ்கேன். வளர்றதுக்கு முன்ன ஒண்ணு, வளர்ந்த பின்னால ஒண்ணு."

கொளஞ்சி வாயை மூடிக்கொண்டாள். மரத்த விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு ஸ்கேனா?"

"ரெண்டு. ஆனா குழு முன்னாடி நீங்க வளர்ந்து காட்டணும்க்கா."

"வளந்துட்டா போவுது" என்றாள் கொளஞ்சி.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்து அழைத்துப் போனது. கல்லூரி விருந்தினர் அறை. கட்டில், மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். மூன்று நாள் வேலை எதுவும் செய்யக்கூடாது, தலையில் சும்மாடோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் முறைதான், அதனால் சும்மாட்டில் தப்பில்லை. முட்டை வந்தது. பால் வந்தது. மணிக்கு ஒரு தரம் சுவரில் சாய்த்து நிறுத்தி அளந்தார்கள்.

நூற்று நாற்பத்தேழு. நூற்று நாற்பத்தேழு. நூற்று நாற்பத்தாறு புள்ளி எட்டு.

"கூச்சப்படாதீங்கம்மா" என்றார் நாராயணசாமி. "வூட்ல இருக்கிற மாதிரி நெனச்சிக்குங்க."

"வூட்டுல நான் குந்துறதே இல்லியே சார்."

வடிவமைப்புத் துறைக்காரர் சும்மாட்டைக் கால் வட்டம் திருப்பி வைத்தார். டாக்டர் வெங்கடேசன் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். சுற்றுச்சூழல்காரர் ஒரு பை நிறையச் சக்கை கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். கொளஞ்சி எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தாள். தனியாக இருந்தபோது கதவைச் சாத்திவிட்டு, உண்மையாகவே கொஞ்சம் வளர்ந்து பார்க்க முயற்சி செய்தாள். கட்டில் கம்பியைக் காலால் உதைத்து, தலையணைப் பக்கம் கையை நீட்டி, பல்லைக் கடித்து இழுத்தாள். இடுப்பில் சுளுக்கு விழுந்ததுதான் மிச்சம்.

ஆனால் திங்கட்கிழமை மதியம் ஒன்று நடந்தது. கைக்குழந்தையோடு படுத்த காலத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பகலில் தூங்கி எழுந்தவள், பழக்கத்தில் மோதிர விரலைக் கிள்ளினாள். வலித்தது. மறுபடி கிள்ளினாள். சுள்ளென்று வலித்தது. உட்கார்ந்து கிள்ளிக் கிள்ளி அந்த விரலைச் சிவக்க வைத்துவிட்டாள்.

சாயங்காலம், அன்றைய கடைசி அளவும் முடிந்த பிறகு, ஜன்னலில் பச்சையம்மாளின் முகம் தெரிந்தது. கீழ்த்தளம்தான் என்றாலும் வேறு யாருக்கும் அந்த ஜன்னல் எட்டாது.

"அக்கோவ். மெத்தய குடு."

"இன்னாடி, இங்கியே வந்துட்ட?"

"இன்னிக்கி என் மொறை. பகல் பூட்ச்சி. நாளைக்காச்சும் குடு. மெத்த இல்லாம இன்னிக்கி மண்ட தெறிச்சிச்சி."

"இது இல்லன்னா எனக்கு ஸ்கேனு இல்லடி பச்ச."

"எனக்குத் தெரியும்க்கா. மலர்விழிதான் கேக்குறா, மேஸ்திரின்னா மொறை கெடயாதான்னு. நான் சொல்லல. அவ கேக்குறா."

கொளஞ்சி கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். நாத்தனார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து போனது ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சட்டம் சட்டம்தான் என்று சொன்ன அதே வாய். எழுந்து சும்மாட்டைக் கழற்றி ஜன்னல் கம்பிக்கு நடுவில் திணித்தாள். எட்டு மாச வளைவு மடங்கி, நசுங்கி, அந்தப் பக்கம் போய் விரிந்தது.

"காலையில பால் குடுத்தாங்களாக்கா?"

"குடுத்தாங்க."

"குடி, குடி" என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை குழுவை வரவேற்கிற அவசரத்தில் கொளஞ்சியை அளக்க யாரும் வரவில்லை. பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் அதற்குத் தலைவி. கூட்ட அறையில் பெரிய திரை. நாராயணசாமி நேற்றுவரை வந்த நூற்று நாற்பத்தேழுகளைப் பற்றி ஒரு சமாதானம் தயாரித்து வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. திரையில் ஏழாம் எண் நூற்று எழுபது என்று நின்றாள்.

கைதட்டினார்கள். டாக்டர் வெங்கடேசன் நாராயணசாமியைக் கட்டிப்பிடித்தார். வளைவு, வளைவு என்றார் வடிவமைப்பு. நேரில் பார்க்கலாம் என்று தலைவி எழுந்தாள். எல்லோரும் லேப்டாப்போடு விருந்தினர் அறைக்கு ஓடினார்கள்.

கொளஞ்சி நாலாவது இட்லியில் இருந்தாள்.

"இவங்கதானா?" என்றாள் தலைவி.

இலக்கியா அளந்தாள். நூற்று நாற்பத்தேழு. லேப்டாப்பில் அதே நேரம் ஏழாம் எண் நூற்று எழுபது உயரத்தில், தலையில் நாற்பத்தொரு கிலோவோடு, நடந்துகொண்டிருந்தாள். நாராயணசாமி திரையைப் பார்த்தார். கொளஞ்சியைப் பார்த்தார். அவள் தலைக்கு மேலே காலியாக இருந்த இருபத்துமூன்று சென்டிமீட்டரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, சும்மாடு எங்க?"

"கழனியில."

"யார் தலையில?"

இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கொளஞ்சி கையைக் கழுவிவிட்டு வந்து, நின்றபடி, முழுசாகச் சொன்னாள். எந்த நாள் யார், அவள் எவ்வளவு உயரம், யாருக்கு அடுத்து யார் என்று பன்னிரண்டு பேரையும் வரிசையாக ஒப்பித்தாள். புடவையையும் சேர்த்துச் சொன்னாள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!" என்றார் நாராயணசாமி. 

"நீங்க கேக்கலயே சார். வலிக்குதா வலிக்குதான்னு நாப்பது கேள்வி கேட்டீங்க. ஒரு மெத்தய ஒரு பொம்பளயே வெச்சிகினு இருப்பாளான்னு ஒருத்தரும் கேக்கல."

அந்தக் கேள்வியைச் சேர்க்காதது மருத்துவத் துறை என்றது கம்ப்யூட்டர் துறை. முறை போட்டுப் பகிர்ந்துகொள்ள வசதியாகத் தலை அளவைப் பொதுவாக வைத்தது வடிவமைப்புத் துறை என்றது மருத்துவம். சக்கை மட்டும்தான் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்றார் சுற்றுச்சூழல்காரர்.

தலைவி எல்லோரையும் கையமர்த்தினாள். கோபம் எதுவும் இல்லை. இதைவிட மோசமான ஆராய்ச்சிகளைப் பார்த்தவள் போலப் பேசினாள். மார்ச் முப்பத்தொன்றுக்கு ஏழு நாள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏழாம் எண் ஒரு ஆள் என்று பூட்டியாகிவிட்டது, அதைப் பன்னிரண்டு ஆளாக ஆக்க வழி இல்லை. ஆகவே ஏழாம் எண்ணின் சராசரி உயரம் என்னவோ, அந்த உயரத்தில் இருப்பவர்தான் ஏழாம் எண். சராசரி நூற்று ஐம்பத்திரண்டு. அந்த ஆளைக் கண்டுபிடித்து ஸ்கேன் எடுத்துக் கோப்பை மூடுங்கள்.

வேன் கழனிக்குப் போனது. பன்னிரண்டு பேரையும் டிராக்டர் ஓரமாக வரிசையாக நிறுத்தி அளந்தார்கள். நூற்று ஐம்பது இருந்தது. நூற்று ஐம்பத்தைந்து இருந்தது. நூற்று ஐம்பத்திரண்டு இல்லை.

"நீங்க எவ்வளவும்மா?" என்று தலைவி டேப் பிடித்திருந்த இலக்கியாவிடம் கேட்டாள்.

இலக்கியா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நூற்று ஐம்பத்திரண்டு. ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இல்லை.

"மேடம், நான் தலையில கட்டே தூக்கினது இல்ல."

"பரவால்ல. சுமக்காதவங்க கழுத்தும் ஒண்ணு நமக்குத் தேவைதான். ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்."

எல்லோர் முகத்திலும் ரத்தம் திரும்பியது. நாராயணசாமி எழுதிக்கொண்டார். பச்சையம்மாள் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சும்மாட்டின் மேலேயே உட்கார்ந்தாள். கல்லூரியில் அந்த நேரம் ஏழாம் எண்ணின் உயரம் பூஜ்யமாகியிருக்க வேண்டும்.

"பன்னெண்டு பேரு தூக்கினோம்" என்றாள். "பதிமூணாவது ஆளுக்கு கழுத்து சுளுக்கிகிச்சி."

"அப்ப எனக்கு சார்?" என்று கேட்டாள் கொளஞ்சி.

நாராயணசாமி வேன் கதவைத் திறக்கிற வேலையில் மும்முரமாக இருந்தார்.

அன்று மதியமே கொளஞ்சி கத்தியை எடுத்தாள். இரண்டு நாள் ஓய்வில் திரும்பி வந்த விரல்கள் இரண்டு நாளில் மறுபடி போய்விட்டன. கைப்பிடியில் துணி சுற்றினாள். துணியோடு சேர்த்துக் கையைக் கட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை கத்தி மறுபடி பறந்தது. இந்த முறையும் மலர்விழியின் பக்கம்தான். அரைச் சாண்.

மலர்விழி நிமிர்ந்தாள். "அக்கா. சட்டம் நீ வெச்சது."

"தெரியும். இந்தக் கழனி முடியட்டும்."

"நான் போன்னு சொல்லல. எனக்கு ரெண்டு காலுதான் கீது, அதான் சொல்றேன்."

திங்கட்கிழமை காலை, கரும்பின் காய்ந்த இலையை, அந்தச் சோகையை, உரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்கூட்டி வரப்போரமாக வந்து நின்றது. இலக்கியா இறங்கவில்லை. கையில் ஒரு சீட்டு. "இன்னிக்கு பதினொரு மணிக்கு ஸ்கேன். நாளைக்கு மார்ச் முடியுது. ஏறுங்கக்கா."

"உன் பேருதான சொன்னாங்க?"

"சீட்டுல பேரே இல்லக்கா. ஏழுன்னு மட்டும்தான் இருக்கு. எனக்கு கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக் குந்தி வர்ற வலிதான். ஏறுங்க."

பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "ஸ்கேனு மொறை யாருக்கு?"

கொளஞ்சி விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகம் இறங்கியது. "மலர்விழிக்கு."

மலர்விழிக்கும் கழுத்து வலி உண்டு. பன்னிரண்டு பேரில் இல்லாதவள் யார்? அவள் கரும்பு ஒன்றை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "மேஸ்திரியே எடுத்துக்கட்டும். கத்தி என் காலுக்குத்தான வந்துகினு கீது."

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சப்ரின் என்ற பெண் மேஜையில் இருந்தாள். மணிக்கட்டுவரை மருதாணி. சீட்டை வாங்கி, உயரம் நூற்று ஐம்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது, ஒத்துப்போனால்தான் கல்லூரிக் கம்ப்யூட்டர் ஏற்கும் என்றாள். சுவரில் அளவுகோல்.

இலக்கியா தன் செருப்பைக் கழற்றிக் கொளஞ்சியின் காலடியில் தள்ளினாள். கொளஞ்சி அதில் ஏறி, ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் இலக்கியாவையும் பிடித்துக்கொண்டு, குளிரில் நிற்கிற ஆட்டுக்குட்டி போல நின்றாள். நூற்று ஐம்பத்திரண்டு.

சப்ரின் அவள் காலைப் பார்த்தாள். "செருப்போட அளக்கறதில்லீங்க."

"சீட்டுல செருப்பு பத்தி ஒண்ணும் போடலீங்க" என்றாள் இலக்கியா.

சப்ரின் கொளஞ்சியின் கையைப் பார்த்தாள். கரும்புச் சோகை கிழித்த கோடுகள் முழங்கைவரை போயிருந்தன. கல்லூரிப் பெண்ணின் கை பக்கத்திலேயே இருந்தது. சப்ரின் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். "உள்ள போறப்ப கழட்டிட்டுப் போங்கம்மா. ஆணி இருந்தா மெஷின் இழுக்கும்."

குழாய்க்குள் ஆலை ஓடுகிற மாதிரி சத்தம். மற்றவர்கள் பயப்படுவார்களாம். கொளஞ்சிக்குப் பழகிய சத்தம், தூங்கிவிட்டாள்.

கழுத்து எலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர் வெங்கடேசன். எதிரில் உட்கார்ந்திருந்தது கொளஞ்சி, படத்தில் இருப்பது மாணவியின் கழுத்து இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அறுத்துப் பார்க்கத் தேவைப்படாது, மாத்திரை கொடுக்கிறேன், கழுத்துப் பட்டை ஆறு வாரம் போட வேண்டும், தலையில் சுமை கூடாது, விரல் திரும்பிவிடும் என்றார். கடைசி வார்த்தையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள் கொளஞ்சி.

கல்லூரியில் நாராயணசாமி அன்று சாயங்காலம் கோப்பை மூட உட்கார்ந்தார். பூட்டிய கோப்பில் ஏழாம் எண்ணுக்கு இன்னும் கொளஞ்சியம்மாள் என்ற பெயர்தான் இருந்தது, இலக்கியாவை ஏழாம் எண் என்று எழுதிக்கொண்டது அவர் ஞாபகத்திலேயே இல்லை. செவ்வாய்க்கிழமை நேரில் அளந்தது நூற்று நாற்பத்தேழு. திங்கட்கிழமை ஸ்கேன் நிலையத்தில் அளந்தது நூற்று ஐம்பத்திரண்டு. அவர் எழுந்து நின்றுவிட்டார். ஐந்து சென்டிமீட்டர். கட்டுரை திருத்தி அனுப்பப்பட்டது. வளர்ச்சி முன்பு நினைத்த அளவுக்கு இல்லை என்றாலும் சந்தேகத்துக்கு இடமில்லாதது என்று அதில் எழுதியிருந்தது.

மறுநாள் கொளஞ்சி கழனிக்கு வந்தபோது கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்தது. குனிய முடியவில்லை, திரும்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினாள். பதினோரு பேரும் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். இது மெத்தையைவிட மெத்தென்று இருக்கிறது என்று முடிவானது.

"எனக்கு எந்தக் கெழமக்கா?" என்று கேட்டாள் பச்சையம்மாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பலகையில் கட்டோடு ஏறுகிறபோது அவள் பிடரியில் நரம்பு கயிறு போலத் திரள்வதைக் கொளஞ்சி எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள்.

"ஆறு வாரம் போடணுமாம். பன்னெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மூணர நாளு" என்று மலர்விழி கணக்கும் சொல்லிவிட்டாள்.

கொளஞ்சி பட்டையின் ஓரத்தில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. செட்டு தொடங்கி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

"குடுக்கமாட்டேன்."

 டிராக்டர்காரன் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"ஆறு வாரம் இது என்னுது. ஆறு வாரமும் என் பலகை மொறய நீங்க பதினோரு பேரும் ஏறிடுங்க. முள்ளு வரிசை ஆறு வாரமும் என்னுது, ஒருத்தரும் அந்தப் பக்கம் வர வாணாம். குந்திகினே வெட்டறேன், கட்டறேன். வெரலு திரும்பலன்னா நானே மூட்டய கட்டிக்கறேன், யாரும் சொல்ல வாணாம்."

மலர்விழி யோசித்தாள். முள் வரிசை ஆறு வாரம் இல்லை என்பது சின்ன விஷயம் இல்லை. "என் காலுக்கு எதுர்ல குந்தாத" என்றாள். அது சம்மதம்.

பச்சையம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. சும்மாட்டைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆறு வாரத்துல வெட்டே முடிஞ்சிடும். நான் மலைக்குப் பூடுவேன். எனக்கு மொறை எப்ப வரும்?"

"அடுத்த வெட்டுக்கு எறங்கி வருவ இல்ல? மொதல் மொறை உனக்கு."

"அடுத்த வெட்டுக்கா!"

"இன்னாடி? கழுத்த மலையிலயே வெச்சிட்டா வரப்போற?"

பச்சையம்மாள் ஏதோ முனகிக்கொண்டே கட்டுக்குக் கீழே குனிந்தாள். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அவள் பலகையில் காலை வைத்தாள். கொளஞ்சி முழு உடம்போடு திரும்பி, முள் வரிசையில் போய் உட்கார்ந்து, கத்தியை எடுத்தாள்.